டிவி கத்துது மாமா

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை அக்கா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. ஒம்பது வயசு. என் ரூமுக்குள்ள ஒரு கால வச்சவ அப்படியே திரும்பி வெளிய ஓடிட்டா. ஹால்ல நின்னு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு "மாமா, டிவி கத்துது, ஆஃப் பண்ணுங்க"ன்றா. எனக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா டிவியில சத்தமே வரல, ஸ்பீக்கர் வயரையே கழட்டிப் போட்டிருந்தேன், ஸ்க்ரீன்ல சும்மா நீலக் கலர் மட்டும் நிக்குது. "எங்கடி கத்துது?"ன்னு கேட்டா "கீஈஈஈன்னு கத்துதே, உங்களுக்குக் கேக்கலயா?"ன்னு என்னைய ஒரு மாதிரி பாக்குறா.

கேக்கல. எனக்கு நாப்பத்தி மூணு வயசு. அப்பதான் உறைச்சுது, நான் பத்து வருஷமா வச்சு வேலை பாக்குற சாமானோட சத்தம் எனக்கு எப்பவோ நின்னுபோச்சு, நின்னதே எனக்குத் தெரியல.

இந்தச் சத்தம் என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பின்னாடி தொந்தி வச்ச பழைய பெட்டி டிவி இருக்கே, சிஆர்டி, அதுல படம் மொத்தமா வராது. ஒரு எலக்ட்ரான் கதிர் எடமிருந்து வலம் ஒரு கோடு போடும், திரும்பி வந்து அடுத்த கோடு போடும், நாம பேப்பர்ல எழுதுறாப்பல. நம்ம சிங்கப்பூர்ல அப்போ டிவி ஓடுனது பால் (PAL)ங்குற சிஸ்டம், ஒரு படத்துக்கு 625 கோடு, செகண்டுக்கு 25 படம். பெருக்கிப் பாருங்க, செகண்டுக்கு 15,625 கோடு. அத்தன தடவ அந்தக் கதிர இழுத்து விடுற சர்க்யூட்டோட சேந்து ஓடுற ஃப்ளைபேக் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள இருந்துக்கிட்டு அதே வேகத்துல அதிரும். அதுதான் அந்தக் கீஈஈ. சின்னப் புள்ளைங்களுக்கு நல்லா கேக்கும், வயசாக வயசாக காது மேல இருந்து ஒவ்வொரு படியா மூடிக்கிட்டே வரும், நாப்பது தாண்டுன நெறைய பேருக்கு இந்தப் படி மூடியிருக்கும்.

சின்ன வயசுல எனக்கு இது பாம்புக் காது மாதிரி. அங் மோ கியோவுல எங்க பழைய வீடு, நீளமான காரிடார், ஸ்கூல் விட்டு வர்றப்போ ரெண்டு வீடு தள்ளி இருக்குறப்பவே எங்க வீட்டு டிவி ஓடுதா இல்லையான்னு சொல்லிடுவேன். அக்கா பரீட்சை நேரத்துல வால்யூமக் கொறச்சு வச்சுத் திருட்டுத்தனமா பாத்துக்கிட்டு இருப்பா, அப்பாவோட செருப்புச் சத்தம் கேட்டதும் அணைச்சுட்டு புக்கத் தூக்கிக்குவா. அப்பா ஒண்ணும் பேச மாட்டாரு. நேரா போயி டிவிக்குப் பின்னாடி கைய வச்சுப் பாப்பாரு. சூடா இருந்தா அவ்வளவுதான்.

சரி, நான் என்ன பண்றேன்னு சொல்லிடுறேன். பகல்ல ஒரு ஆபீஸ்ல ஐடி சப்போர்ட், பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்கு பாஸ்வேர்ட் மாத்திக் குடுக்குற உத்தியோகம். ராத்திரியும் சனி ஞாயிறும் பழைய டிவி, பழைய விசிஆர், பழைய கம்ப்யூட்டர் இதெல்லாம் வச்சு ஏதாவது செஞ்சுக்கிட்டு இருப்பேன். க்ரூப் ஷோவுக்கு அனுப்புற பாரத்துல 'மீடியா ஆர்ட்டிஸ்ட்'னு எழுதுவேன், அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட "என் மவன் கராங் குனி வேல பாக்குறான்"னு சொல்லுவாங்க, அதாவது வீடு வீடா பழைய சாமான் வாங்குற வேல. ரெண்டுல அம்மா சொல்றதுதான் கிட்டத்தட்ட சரி, ஏன்னா என்கிட்ட இருக்குற மூணு டிவியில ஒண்ணு நெசமாவே கராங் குனி அங்கிள் கிட்ட இருபது வெள்ளிக்கு வாங்குனது. இன்னொண்ணு அடுக்குமாடி ப்ளாக்குக்குக் கீழ தொறந்து கெடக்குற வாய்ட் டெக்ல அனாதையா நின்னது. 2018 முடிவோட இங்க அனலாக் ஒளிபரப்ப நிறுத்துனாங்க இல்ல, அப்போ ஒவ்வொரு ப்ளாக்குக்குக் கீழயும் தூணுக்குத் தூணு டிவி நின்னுச்சு, மழையில நனையாம வச்சிருந்தாங்களே, அந்த மட்டும் மரியாதை. மூணாவது எங்க வீட்டு டிவியேதான், அக்கா திருட்டுத்தனமா பாத்த அதே டிவி.

பழசு மேல பாசமான்னு கேப்பாங்க. பாசமெல்லாம் கொஞ்சம்தான். தூக்குனா முதுகு போயிடும், உள்ள இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடுது, ப்ளக்கப் பிடுங்குனாலும் கண்ணாடிக் குடுவ தானா ஒரு கெப்பாசிட்டர் மாதிரி அத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மொத தடவ தொறக்குறப்போ நீள ஸ்க்ரூ ட்ரைவர்ல வயரச் சுத்தி, வயரோட மறுமுனைய சேசிஸ்ல மாட்டி, ஒரு கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, அந்த ரப்பர் மூடிக்கு அடியில மெதுவா ஸ்க்ரூ ட்ரைவர் நுனிய விட்டேன். டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், நான் ரெண்டு நாளைக்கு டிவி பக்கமே போகல. முறையா கத்துக்காம யாரும் இதத் தொறக்காதீங்க, நான் சொல்றது அலங்காரத்துக்கு இல்ல.

இந்தச் சாமான வச்சு கலை செய்யுறதுல முன்னோடி நாம் ஜூன் பாய்க், கொரியாக்காரர். 1965லயே டிவி மேல ஒரு பெரிய காந்தத்தத் தூக்கி வச்சு படத்த வளைச்சவரு. 1974ல ஒரு புத்தர் சிலைய டிவி முன்னாடி உக்கார வச்சு, கேமராவுல அவரையே அவருக்குக் காட்டுனாரு. நம்ம நேஷனல் கேலரிக்கு 2021 கடைசியில அவரோட கண்காட்சி வந்துச்சு, நான் மூணு தடவ போனேன். மூணு தடவையும் எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதா ஞாபகம் இல்ல, இப்பதான் ஏன்னு புரியுது.

அவரோட பெரிய வேலை ஒண்ணு கொரியாவுல க்வாச்சான் மியூசியத்துல இருக்கு, 1988ல செஞ்சது, 1,003 டிவிய வச்சு கோபுரம் மாதிரி அடுக்குனது. டிவியெல்லாம் கெழடு தட்டி ஆபத்தாப் போச்சுன்னு 2018ல நிறுத்தி வச்சாங்க. பிறகு நாலு வருஷம் போல சரி பண்ணாங்க. 737 டிவிய ரிப்பேர் பண்ணிட்டாங்க, மிச்சம் 266க்கு வழியில்லாம உள்ள எல்சிடி ஸ்க்ரீன் போட்டு வெளித்தோற்றத்த மட்டும் அப்படியே வச்சுட்டாங்க. இத நான் முன்ன படிச்சப்போ 'பரவாயில்ல, நல்லாதான் பண்ணியிருக்காங்க'ன்னு நெனச்சேன். இப்போ நெனச்சா அந்த 266ம் கத்தாதே. அங்க போற புள்ளைங்களுக்கு மட்டும் தெரியும், எந்த டிவி ஊமைன்னு.

இப்போ என் வேலைக்கு வரேன். அப்பா எறந்த பிறகு அவரோட அலமாரியில இருந்து ஒரு விஎச்எஸ் கேசட் கெடச்சுது, மேல அவரு கையெழுத்துல 'தீபாவளி 93'. நம்ம ஊர் ஈரப்பதம் தெரியும்தானே, டேப் ஓரம் பூரா வெள்ளையா பூசணம் பூத்திருக்கு. அப்படியே விசிஆர்ல போட்டா டேப்பும் போயிடும், டேப்ப படிக்குற ஹெட்டும் போயிடும். மாஸ்க் போட்டுக்கிட்டு, ஜன்னலத் தொறந்து வச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துணிய நனைச்சு, கையால சுத்திச் சுத்தித் தொடைச்சேன். ஒரு கேசட்டுக்கு நாலு ராத்திரி. விசிஆர் செய்யுறதயே 2016ல உலகத்துல கடைசியா மிச்சம் இருந்த ஜப்பான் கம்பெனி ஃபுனாய் நிறுத்திடுச்சு, அதனால என்கிட்ட இருக்குற ஒரே விசிஆரோட ஹெட்ட நான் கண்ணாடி டம்ளர் மாதிரிதான் பாத்துக்குறேன்.

போட்டுப் பாத்தா தீபாவளி இல்ல, ஃபுட்பால்! 1994 மலேசியா கப் ஃபைனல், நம்ம சிங்கப்பூர் பசங்க மலேசியாவோட பகாங் டீம 4-0ன்னு அடிச்சது. ஊரே கொண்டாடுச்சு, அப்பா அவசரத்துக்கு எந்த டேப் கைக்குக் கெடச்சுதோ அதுல பதிஞ்சிருக்காரு. அக்கா கேட்டுட்டு "அந்த வருஷம்தான் நான் பாட்டு பாடுனேன், போச்சா?"ன்னு செத்தவரு கூட போன்ல சண்ட போட்டா. நான் டேப்ப நிறுத்தாம ஓட விட்டேன். மேட்ச் முடிஞ்சுது, கப்பத் தூக்குறாங்க, படக்குனு படம் போயி நாலு செகண்ட் வெறும் பனி, புள்ளி புள்ளியா இரைச்சல். அப்புறம் திடீர்னு பாட்டி. எங்க பழைய சமையக்கட்டுல முறுக்கு புழிஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஏழு நிமிஷம் பாட்டி. அப்புறம் டேப்பே முடிஞ்சுது.

அந்த நாலு செகண்ட் எப்படி வந்துச்சுன்னா, விசிஆர்ல பழசை அழிக்குற ஹெட் முன்னாடி இருக்கும், புதுசை எழுதுற ட்ரம் கொஞ்சம் தள்ளி இருக்கும். அப்பா ஸ்டாப்ப அமுக்குனப்போ, ரெண்டுக்கும் நடுவுல மாட்டுன துண்டு டேப்பு அழிஞ்சிருச்சு, ஆனா மேல ஒண்ணும் எழுதல. ஒரு விரல் நீளம் இருக்கும். அதுல பாட்டியும் இல்ல, பந்தும் இல்ல. எனக்கு அத விட்டுட்டு வர மனசில்ல, அந்த நாலு செகண்ட எடுத்து ஒரு டிவியில திரும்பத் திரும்ப ஓட விடணும், பக்கத்து டிவியில பாட்டி ஏழு நிமிஷம். அதுதான் வேலை. மேட்ச்ச காட்ட முடியாது, ஒளிபரப்பு உரிமை வேற யாரோடதோ.

டேப்ப கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துறது எப்படின்னு நெறைய பேர் கேக்குறாங்க. ஒரு சின்ன யூஎஸ்பி குச்சி, மஞ்சள் வெள்ளை செவப்பு ஓட்டை இருக்கும், அதுகூட ஒரு குட்டி சிடி தருவாங்க. அந்தச் சிடியில இருக்குற சாஃப்ட்வேர் இன்னைய விண்டோஸ்ல ஏறாது, செஞ்ச கம்பெனியத் தேடுனா வெப்சைட்டே இல்ல. அதே குச்சிய லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம்) போட்ட கம்ப்யூட்டர்ல சொருகுனேன், சிடி எதுவும் வேணாம், சும்மா வேலை செஞ்சுது. காரணம், உள்ள இருக்குற சிப்புக்கு 2012லயே யாரோ உக்காந்து டிரைவர் எழுதி லினக்ஸோட அடித்தளமான கெர்னலுக்குள்ள சேத்து வச்சிருக்காங்க, எஸ்டிகே1160னு பேரு. யாருன்னு தெரியாது, எனக்கும் அவருக்கும் சம்பந்தமும் இல்ல. செஞ்சவன் கைவிட்ட குச்சிய வழிப்போக்கன் எடுத்து வச்சுக்கிட்டான். ஃப்ரீயா கெடைக்குதுன்னு ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரு வேணும்னாலும் தொறந்து பாத்து மாத்திக்குற சாஃப்ட்வேர், யூஸ் பண்றேன்னு நெனக்குறாங்க. காசு இல்ல விஷயம். பழைய சாமானுக்கு அத விட்டா வேற நாதியே கெடையாது.

எஃப்எஃப்எம்பெக்னு ஒரு வீடியோ சாஃப்ட்வேர் வச்சு 720க்கு 576 புள்ளின்னு அப்படியே பதிஞ்சேன், எந்த 'அழகு படுத்தலும்' இல்லாம. திரும்ப டிவிக்குக் கொண்டு போறதுக்கு ராஸ்பெர்ரி பை, உள்ளங்கை சைஸ் குட்டிக் கம்ப்யூட்டர். என்கிட்ட இருக்குற மாடல்ல ஹெட்ஃபோன் ஓட்டையிலயே பழைய வீடியோ சிக்னலும் வரும். கேபிள் மட்டும் பாத்து வாங்குங்க, சில கேபிள்ல வீடியோவும் எர்த்தும் எடம் மாறியிருக்கும், சிம் லிம் டவர்ல மூணு கேபிள் வாங்கித்தான் சரியானது கெடச்சுது. கடைக்கார அங்கிள் "இதெல்லாம் இப்ப யார் வாங்குறா, ஃபார் வாட் லா?"ன்னு கேட்டுட்டு கடைசி கேபிளுக்குக் காசு வாங்கல.

மூணாவது டிவிக்கு அப்பா. அவரு தொண்ணூறுகள்ல ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு சுற்றறிக்கை டைப் அடிச்சுக் குடுப்பாரு. அந்த ஃபைலெல்லாம் ஃப்ளாப்பியில இருந்துச்சு, தொறந்தா ஒரே கொம்பு வச்ச இங்கிலீஷ் எழுத்தா வருது, ஏதோ ஃப்ரெஞ்சுக்காரன் கோவத்துல எழுதுன மாதிரி. எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் நமக்கெல்லாம் பழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தமிழ் ஃபாண்டும் ஒரு தனி ராஜ்யம், ஃபாண்ட் போயிட்டா எழுத்தும் போச்சு. இந்த ஊர்லதான் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உக்காந்து கணியன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு தமிழ் எழுத்து சிஸ்டம் செஞ்சாரு, 1995ல சிங்கப்பூர்க் கவிதைங்கள இணையத்துல போட்டப்போ தமிழும் கூடவே ஏறுனது அவரால. 1999லயே போயிட்டாரு. அந்தக் காலத்து எழுத்த இந்தக் காலத்துக்கு மாத்துற அட்டவணைங்கள பல பேரு செஞ்சு சும்மா குடுத்திருக்காங்க, அத வச்சு பைத்தான்ல முப்பது வரி எழுதி ஓட விட்டேன். அப்பாவோட மொத வரி வந்துச்சு: 'உறுப்பினர்கள் நிலுவைச் சந்தாவை உடனே செலுத்தவும்.' அவ்வளவு பாடுபட்டு அப்பா சொன்னது அதுதான். அப்படியே டிவியில ஓட விட்டுட்டேன்.

இனி ஷோ நடந்த அன்னைக்கு. ஆறு மணிக்கு தெறப்பு. அஞ்சு மணிக்கு எல்லாம் மாட்டி ஆன் பண்றேன், நடு டிவியில பாட்டி கறுப்பு வெள்ளையா வர்றாங்க. கறுப்பு வெள்ளையா வந்தா இன்னும் உருக்கமா இருக்குமேன்னு பக்கத்துல ஓவியம் மாட்டிக்கிட்டு இருந்தவரு சொன்னாரு, எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, பாட்டி கட்டியிருக்குறது மாம்பழ மஞ்சள் சேல. கேபிள மாத்துனேன், டிவியோட கலர் செட்டிங்க நோண்டுனேன், பைய மாத்துனேன், ஒண்ணும் நடக்கல. மத்த ரெண்டு டிவி நல்லாத்தான் ஓடுது. சரி, நம்ம வீட்டு டிவி செத்துப்போச்சு, முப்பது வருஷம் ஒழைச்சுது, ஷோ அன்னைக்கு மண்டையப் போட்டுருச்சுன்னு தரையில உக்காந்துட்டேன்.

அக்கா பொண்ணு கத்துதுன்னு சொன்னதுக்கு அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்துச்சு. டிவி பக்கத்துல மைக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி, ஆடாசிட்டின்னு ஒரு சவுண்ட் சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரம், அதாவது எந்தச் சுருதியில எவ்வளவு சத்தம்னு காட்டுற படம், போட்டுப் பாப்பேன். எனக்குக் கேக்காதது அங்க ஊசி மாதிரி நிக்கும், 15,625 கிட்ட, ஒத்த ஊசி. அதப் பாக்குறதுல ஒரு அற்ப சந்தோஷம். அன்னைக்கும் வேற ஒண்ணும் தோணாம, சாகப்போற டிவியோட நாடியப் புடிச்சுப் பாக்குற மாதிரி மைக்க வச்சேன். ஊசி நிக்குது. ஆனா எடம் மாறி நிக்குது. 15,734.

அந்த நம்பர எனக்குத் தெரியும். அது அமெரிக்காக்காரன் ஜப்பான்காரன் சிஸ்டம், என்டிஎஸ்சி, 525 கோட்டு டிவியோட நம்பர். பக்கத்து டிவியில வச்சேன், 15,734. மூணாவதுலயும் அதே. அப்போ டிவி சாகல. நான்தான் மொத நாள் ராத்திரி 'எல்லாம் புதுசா இருக்கட்டும்'னு மூணு ராஸ்பெர்ரி பையிலயும் புக்வர்ம்னு ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டத்த ஏத்தியிருந்தேன். பழசுல கான்ஃபிக் ஃபைல்ல பால்னு ஒரு வரி எழுதி வச்சிருந்தேன், புதுசு அந்த வரிய மதிக்கவே இல்ல, வீடியோ டிரைவரே வேற, தன்பாட்டுக்கு என்டிஎஸ்சிக்குப் போயிடுச்சு. மத்த ரெண்டு டிவியும் எல்லா சிஸ்டமும் தெரிஞ்ச டிவி, அதனால காட்டிக்கல. எங்க வீட்டு டிவிக்கு பால் மட்டும்தான் தெரியும், அதுதான் பிடிவாதமா கலர் தரமாட்டேன்னுடுச்சு. மூணுலயும் உண்மைய சொன்னது அது ஒண்ணுதான்.

ஓப்பன் சோர்ஸ்காரங்க மேல ரெண்டு நிமிஷம் நல்ல கெட்ட வார்த்தையா வந்துச்சு. இதுவும் சொல்லணும்தானே, சும்மா புகழ்ந்துக்கிட்டே இருந்தா எப்படி. அவங்களும் பழசத் தூக்கிப் போடுவாங்க. ஆனா எங்க தூக்கிப் போட்டாங்கன்னு எழுதி வச்சிருப்பாங்க. ஃபோன்ல அவங்க டாக்குமென்ட்ட தோண்டுனேன், இப்போ வேற ஒரு ஃபைல்ல, கெர்னலுக்குப் போற அந்த ஒத்த வரியோட கடைசியில, டிவி நார்ம் ஈக்வல் பால்னு சேக்கணும். சேத்தேன். அந்நேரம் பாத்து அம்மா வந்து நின்னு, நான் முணுமுணுக்குறதக் கேட்டு "டிவிக்கு எதுக்குடா பால்?"னாங்க. ரீபூட் ஆகுது, அம்மாவும் நானும் பாக்குறோம், பாட்டி சேல மஞ்சளாச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல. பாட்டி முறுக்கு அச்ச வழிச்சுப் போடுற வரைக்கும் நின்னு பாத்துட்டு "எண்ண ரொம்ப காஞ்சுடுச்சு, அன்னைக்கும் நான் சொன்னேன்"னு போயிட்டாங்க.

ஷோ ரெண்டு வாரம் ஓடுச்சு. வந்தவங்கள்ல பெரியவங்க பாட்டிகிட்ட நின்னாங்க, சந்தா பாக்கியப் பாத்துச் சிரிச்சாங்க, பனிய யாரும் கண்டுக்கல. புள்ளைங்க மட்டும் வாசல்ல மொகத்தச் சுளிச்சுட்டு வந்தாங்க. ரெண்டு மூணு பேரு நேரா பனி டிவி கிட்ட போயி காத வச்சுக் கேட்டாங்க. நான் சொவத்துல ஒரு விளக்க அட்டையும் ஒட்டல, அவங்களுக்குத் தேவையும் படல.

கடைசி நாள் எல்லாத்தையும் கழட்டுறதுக்கு அக்கா பொண்ணும் கூட வந்திருந்தா, முடிஞ்சதும் பிராட்டா வாங்கித் தர்றேன்னு பேச்சு. பைய எல்லாம் பிடுங்கி பெட்டியில போட்டாச்சு, கேபிளெல்லாம் சுத்தியாச்சு, மூணு ஸ்க்ரீனும் இருட்டு. லைட்ட அணைச்சுட்டு கதவ இழுத்துப் பூட்டப் போறேன், அவ காரிடார்ல இருந்து "மாமா, ஒண்ணு இன்னும் கத்துது"ன்றா. எதுன்னு கேட்டேன். உள்ள வராம, அங்க இருந்தே, "நடுவுல உள்ளது".

இருட்டுல தட்டுத் தடுமாறிப் போயி டிவிக்குப் பின்னாடி கைய வச்சுப் பாத்தேன். சூடாத்தான் இருந்துச்சு. ஸ்விட்ச்ச அமுக்குனேன். "இப்போ?"ன்னேன்.

"இப்போ இல்ல. எனக்கு முட்ட பிராட்டா, ரெண்டு."